ஜெட் எஞ்சினுக்கு ஒரு மேலுறை

சித்தூரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஒன்பதே முக்காலுக்கு ஒரு விமானம் இறங்குகிறது என்று எனக்கு முதலில் சொன்னவர், திருப்பதி பஸ் நிலையத்துக்கு வெளியே இட்லி விற்கும் ஓர் அன்பர். ரேணிகுண்டா விமான நிலையத்தில் நிறுத்த இடம் போதாமல் மிச்ச விமானங்களை அங்கே தள்ளிவிடுகிறார்களாம். சித்தூரில் விமான நிலையம் ஏது என்று கேட்டேன். "அதான் சார், யாருக்கும் தெரியாம எறக்குறாங்க" என்றார், யாருக்கும் தெரியாமல் ஒரு கரண்டி சட்னியைக் குறைத்துக்கொண்டே.

சித்தூர் போகும் பஸ்ஸில் அந்த விமானம் ராக்கெட்டாக வளர்ந்தது. ஊருக்குள் இறங்கி, பஸ்ஸில் சொன்ன சர்ச்சுக்குப் பின்புறத் தெரு எது என்று விசாரித்துக்கொண்டு போனபோது அது பேயாகியிருந்தது. "ஊன்னு ஊதும் சார். கொசு கணக்கா சன்னமா ஆரம்பிச்சி, வானம் கிழியற மாதிரி ஆயிடும். ஞாயித்துக்கெழம மட்டும்தான்" என்றார் மூலைக் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன்? "மத்த நாள்ல அதுக்கும் வேல இருக்கும் இல்ல?"

எந்த வதந்தியையும் சரிபார்க்காமல் பரப்புவதில்லை என்பது என் கொள்கை. சரிபார்த்த பிறகுதான் கொஞ்சம் சேர்த்துப் பரப்புவேன். ஆகவே அவர் கை காட்டிய, தெருவின் கடைசி வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே நான் கண்டது விமானமும் அல்ல, ராக்கெட்டும் அல்ல, பேயும் அல்ல. மேலுறையார்.

மேலுறையாரை உங்களுக்குத் தெரியும். எல்லா ஊரிலும் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். கடையிலிருந்து ஒரு பொருள் எந்த உறையோடு வந்ததோ அந்த உறையோடேயே அது கடைசிவரை இருக்க வேண்டும் என்பது அவர் வாழ்க்கை நெறி. அவர் வீட்டு சோபாவின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு அப்படியே இருக்கும். சித்தூர் வெயிலில் அதில் உட்கார்ந்து எழுபவர் தொடையின் தோலில் கொஞ்சம் அங்கே விட்டுவிட்டுத்தான் எழுவார். டிவி ரிமோட் பாலித்தீன் பைக்குள் இருக்கும். எந்த எண்ணை அழுத்தினாலும் விவசாய நிகழ்ச்சிதான் வரும். எவர்சில்வர் தட்டில் கடைக்காரர் ஒட்டிய சீட்டு பதினோரு வருஷமாகச் சாம்பாரில் குளித்தும் சளைக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மழை வந்தால் குடையை உறைக்குள் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குடை நனையாமல் வீடு வந்து சேருவார்.

அவருடைய மந்திரச் சொல் ஒன்றே. "இருக்கட்டும்."

புதுச் சட்டையைப் போட்டுக்கொள்ளக் கூடாதா? இருக்கட்டும். பீங்கான் தட்டுகளை எடுக்கலாமே? இருக்கட்டும், யாராவது வந்தால் எடுக்கலாம். இதோ வந்திருக்கிறார்களே? இவங்க யாரு நமக்கு, நம்ம ஆளுங்கதானே? வெளி ஆள் வந்தால்? வெளி ஆளுக்கு எதற்கு அவ்வளவு நல்ல தட்டு? இந்த நியாயத்தின் வாயில் நுழைந்து வெளியே வந்தவர் இதுவரை யாரும் இல்லை.

சர்ச்சுக்குப் பின்புறத் தெருவின் மேலுறையார் பெயர் ஏசுரத்தினம். பஸ் டிப்போவில் முப்பத்துமூன்று வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்தவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. நேராகப் பின்பக்கக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். அங்கே, சிமெண்ட் மேடைமேல், இடுப்பு உயரத்தில், கருநீல ரெக்ஸின் உறை மாட்டிக்கொண்டு ஏதோ ஒன்று படுத்திருந்தது. பஸ் சீட் தைக்கிற ஆளிடம் அளவெடுத்துத் தைத்த உறை. மூன்று பக்கம் ஜிப். ஜிப்பைப் பிரித்தார். உள்ளே ஒரு போர்வை. போர்வையை விலக்கினார். உள்ளே பாலித்தீன். பாலித்தீனை ஒரு முழம் மட்டும் தூக்கி, முகூர்த்தத்துக்கு முன் பெண்ணைக் காட்டுகிற மாதிரி, "பாத்துக்கங்க" என்றார்.

ஜெட் எஞ்சின்!

சின்னதுதான், இரண்டு சமையல் சிலிண்டர்களை நீளவாக்கில் படுக்க வைத்த அளவு. பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்கென்று ஆளில்லாத விமானம் ஒன்றைப் பறக்கவிடுவார்கள் அல்லவா, அதில் மாட்டுவது. அதாவது ஒரே ஒருமுறை பறந்து, வெடித்து, கடலில் விழுவதற்காகவே பிறந்த எஞ்சின். எப்படியோ தப்பி, சென்னையில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்திருக்கிறது. பஸ் கியர்பாக்ஸ் வாங்கப் போன ஏசுரத்தினம் இதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். எதில் மயங்கினார் என்கிறீர்கள்? அதன் எல்லா வாய்களிலும் கம்பெனி போட்ட சிவப்பு மூடி அப்படியே இருந்ததாம்!

மூடிக்குள்ளே துரு இருந்தது என்பது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. அதன் பிறகு அவர் செய்ததைப் பற்றி நான் கேலி செய்ய மாட்டேன். செய்தால் எனக்கு அடுத்த வேளைச் சோறு இறங்காது. இரண்டரை வருஷம். இறுகிப்போன பேரிங்குகளை ஒரு கீறல் விழாமல் கழற்றி, வெள்ளி மோதிரம் போல மெலிந்த விசிறி இதழ்களை நகம் ராவும் அரத்தால் ஒவ்வொன்றாகச் சமன் செய்து, எண்ணெய் பீச்சும் ஊசித் துவாரங்களைக் குதிரை வால் முடியால் குத்தியெடுத்து, புது பேரிங்கைக் காதருகே வைத்துச் சுழற்றி அதன் சத்தத்தை வைத்தே "இது வேணாம், அடுத்தது" என்று ஏழு பேரிங்குகளைத் திருப்பி அனுப்பி. கூடவே இருந்து வேலை செய்தவள் மகள் ஷோபா. திருப்பதி சாலையில் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறாள்.

எல்லாம் முடிந்த அன்று ஷோபா, "நைனா, ஸ்டார்ட் பண்ணலாமா?" என்று கேட்டிருக்கிறாள்.

ஏசுரத்தினம் எஞ்சினை ஒருமுறை பார்த்தார். மகளை ஒருமுறை பார்த்தார்.

"இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் ரெக்ஸினுக்கு அளவெடுத்தார்.

"அப்புறம் எதற்கு சார் ரிப்பேர் செய்தீர்கள்?" என்று நான் கேட்டேன். அவர் என்னை, படித்தவனிடம் இப்படி ஒரு கேள்வியா என்பது போலப் பார்த்தார்.

"ஓட்டறதுக்கா சார் ரிப்பேர் பண்ணோம்? ஓடற நெலமையில இருக்கணும்னுதானே பண்ணோம்? ஓட்டுனா புகை புடிக்கும். புகை புடிச்சா பழசாயிடும்."

"ஞாயிற்றுக்கிழமை ஏதோ சத்தம் கேட்பதாகச் சொல்கிறார்களே?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. நான் ஒருநாளும் கேட்டதில்ல. அந்த நேரத்துக்கு நான் சர்ச்சுல இருப்பேன், மைக் செட்டு பாட்டுல வேற ஒண்ணும் காதுல உழாது. கமிட்டி மெம்பரு. போனா பதினொன்ற ஆயிடும் வர்றதுக்கு."

நண்பர்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு நான் எங்கே இருந்தேன் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

அவர் தெருமுனை திரும்பியதும் நான் பின்வாசல் வழியாகப் போனேன். கொட்டகையில் ரெக்ஸின் உறை மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஏசுரத்தினத்தின் மனைவி யூனிஸ், பள்ளிக்கூட டீச்சர், சமையலறையிலிருந்து கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். தாயும் மகளும் விடிகாலைத் தெலுங்கு ஆராதனைக்குப் போய்விட்டு வந்துவிடுவார்களாம். தமிழ் வீட்டில் தெலுங்கு ஆராதனை எதற்கு என்று ஏசுரத்தினம் கேட்டதற்கு, "அதுலதான் பாட்டு நல்லாருக்குது" என்று யூனிஸ் சொல்லியிருக்கிறார். ஞாயிறன்று பிரியாணி ஏன் இரண்டு மணிக்கு வருகிறது என்று மட்டும் ஏசுரத்தினத்துக்கு இன்னும் விளங்கவில்லை.

என்னைப் பார்த்ததும் இருவரும் சிலையானார்கள். பிறகு ஷோபா, "வந்ததுதான் வந்தீங்க, இந்த டியூபப் புடிங்க சார்" என்றாள்.

இலைக்குப்பை ஊதித் தள்ளுகிற மெஷினை எஞ்சினின் முன்வாயில் வைத்து ஊதினாள். உள்ளே விசிறி கொசு போல ரீங்காரமிட்டது. சமையல் கேஸைத் திறந்து, ஸ்கூட்டர் பிளக்கால் பொறி வைத்தாள். 'புஸ்' என்று பிடித்தது. சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்தாள். அதன் பிறகு வந்த சத்தத்தை எழுத்தில் எழுதத் தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் போதாது. என் பல்லெல்லாம் ஆடியது. மூன்று நிமிஷம். நிறுத்திவிட்டு, ஒரு நோட்டுப்புத்தகத்தில் நேரம், சூடு, சுழற்சி எல்லாம் எழுதினாள். இருபத்துமூன்றாவது ஓட்டம்.

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை எழும்பியது. "ஆயிட்ச்சா ஷோபா? நான் பாய எடுத்தாந்து போட்டுடட்டா?"

அது ருக்மணி அம்மாள். மாம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றிக் காயவைத்து, அதன் மேல் இன்னொரு பூச்சு, அதன் மேல் இன்னொன்று என்று இருபது நாள் அடுக்கி, தாண்ட்ரா செய்து கடைகளுக்குக் கொடுப்பவர். ஞாயிறு காலை எஞ்சின் ஊதும் நேரத்துக்கு மட்டும் பாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவார். பேய்க் கதையைத் தெருவில் முதலில் அவிழ்த்துவிட்டதும் அவரே. "பின்ன இன்னா சார்? அந்தப் பொண்ணு ஓட்டுதுன்னு சொன்னா ரத்தினண்ணா எஞ்சினுக்குப் பூட்டு போட்டுடுவாரு. பேயின்னா யாரு போயி பூட்டு போடுவாங்க?"

ஷோபாவுக்கு இது விளையாட்டு அல்ல. எஞ்சின்தான் அவள் கடைசி வருஷ பிராஜெக்ட். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கண்ணால் பார்க்க, இரண்டு நிமிஷம் அது ஓட வேண்டும். ஓடாவிட்டால் பெயில். பெங்களூரில் ஒரு கம்பெனி அவளுக்கு வேலை தருவதாகக் கடிதம் கொடுத்திருக்கிறது. ஜூன் மாதத்துக்குள் பாஸ் செய்தால்தான் அது செல்லும். தேர்வாளர் வருவது வெள்ளிக்கிழமை.

"நைனாகிட்ட கேட்டியாம்மா?"

"மூணு வாரமா கேக்கறேன் சார். படம் புடிச்சிக் காட்டுன்றாரு. மாடலுன்னு சொல்லிக்கோன்றாரு."

"ஏற்கெனவே இருபத்துமூணு முறை ஓடியிருக்குன்னு சொல்லிடேன்."

யூனிஸ் சிலிண்டரைத் திருப்பி உருட்டிக்கொண்டே சொன்னார்: "சொல்லலாம் சார். கல்யாணத்துக்கு எங்க அண்ணன் குடுத்த டின்னர் செட்ட ஒருதபா எடுத்து நாலு பேருக்குச் சோறு போட்டுட்டேன். அதுக்கே ரெண்டு மாசம் பேசல அந்த மனுஷன்."

வியாழக்கிழமை இரவுக்குள் மேலுறையார் இறங்கி வந்தார். எப்படி என்கிறீர்களா? வருகிற தேர்வாளர் பெரிய பேராசிரியர், டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று யூனிஸ் சொன்னார். ஏசுரத்தினம் நெடுநேரம் யோசித்தார். வெளி ஆளுக்கு எதற்கு என்று கேட்க முடியாத அளவுக்குப் பெரிய வெளி ஆள். "சரி, ஒரே ஒருதபா. ரெண்டு நிமிஷம். மூணாவது நிமிஷம் நான் மூடிடுவேன்."

வெள்ளிக்கிழமை காலை பேராசிரியர் சுதீர் வந்தார், தெலுங்குக்காரர். சோபாவில் உட்கார்ந்தார், பிளாஸ்டிக் விரிப்பு போட்ட சத்தம் கேட்டுத் திடுக்கிட்டார், எழுந்து நின்றே காபி குடித்தார். கொட்டகையில் எல்லாம் தயாராக இருந்தது. தீயணைக்கும் சிலிண்டர்கூட இருந்தது, அதன் பிளாஸ்டிக் உறையோடு.

ஷோபா அவரிடம் வரைபடங்களைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஏசுரத்தினம் எஞ்சினின் பின்வாய்க்குள் ஒரு துணி மூட்டையைத் திணிப்பதை நான் பார்த்தேன். என்ன சார் அது என்றேன். "எப்பவும் இங்கதான் இருக்கும். காலையில பாத்தா கீழ கெடக்குது. உழுந்துட்ச்சி போல" என்றார். பீரோவில் துணிகளுக்கு நடுவே போடுவோமே, பாச்சா உருண்டை, அதில் அரைக் கிலோவைத் துணியில் கட்டியது. பல்லி, பூச்சி எதுவும் எஞ்சினுக்குள் குடியேறாமலிருக்க. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஜெட் எஞ்சினில் எதை எங்கே வைப்பார்கள் என்று எனக்கென்ன தெரியும்? இரண்டரை வருஷம் அதோடு வாழ்ந்தவர் வைக்கிறார். தலையாட்டினேன்.

சுதீர் கோப்பைத் திறந்தார். "இதுக்கு முன்னால ரன் பண்ணியிருக்கீங்களா?"

ஷோபா வாயைத் திறக்குமுன் ஏசுரத்தினம் மார்பை நிமிர்த்திக்கொண்டு முந்திவிட்டார். "ஒருநாள் கூட இல்ல சார்! புத்தம் புதுசு. நீங்கதான் மொதல் ஆளு."

சுதீர் கோப்பை மூடினார். நான்கு அடி பின்னால் நகர்ந்தார். "சாரி அம்மா. டெஸ்ட் பண்ணாத எஞ்சின் முன்னால நான் நிக்க மாட்டேன். ரூல் ஒப்புக்காது. ரன்னிங் ரெக்கார்டு இருந்தா பாக்கலாம். லேதண்டே முடியாது."

ஏசுரத்தினத்துக்குப் புரியவில்லை, தன் எஞ்சினுக்கு உலகத்திலேயே உயர்ந்த பட்டத்தைச் சூட்டியிருக்கிறார், இந்த மனிதர் ஏன் பின்வாங்குகிறார்? யூனிஸ் தரையைப் பார்த்தார். ஷோபா அப்பாவைப் பார்த்தாள். பிறகு மண்ணெண்ணெய் டின்னுக்குப் பின்னாலிருந்து நோட்டுப்புத்தகத்தை எடுத்து, அப்பாவுக்கு முதுகு காட்டி நின்று, பேராசிரியரிடம் நீட்டினாள்.

"இருபத்துநாலு தபா ஓட்டியிருக்கேன் சார். மொத்தம் ஒரு மணி பதினாறு நிமிஷம்."

அந்த ஞாயிறு நான் கிளம்பிய பிறகு இன்னொரு ஓட்டமும் நடந்திருக்கிறது. எனக்கே அப்போதுதான் தெரியும். சுதீர் பக்கங்களைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் கால்கள் ஓர் அடி, இரண்டு அடி என்று முன்னால் வந்தன. "பாகுந்தி. சால பாகுந்தி. ரொம்ப நல்லாருக்கு. ஸ்டார்ட் பண்ணு."

ஏசுரத்தினம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். மடித்த ரெக்ஸின் உறையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தார். "அப்ப..." என்றார். "அப்ப இது புதுசில்லயா?"

ஊதும் மெஷின் கிளம்பிவிட்டது.

கொசு ரீங்காரம். கேஸ். பொறி. எஞ்சின் ஒருமுறை இருமியது. வழக்கமாக அது இருமுவதில்லை என்று ஷோபாவின் முகம் சொன்னது. அடுத்த நொடி 'டொம்' என்றொரு சத்தத்தோடு பாச்சா உருண்டை மூட்டை பின்வாயிலிருந்து கிளம்பி, சுவருக்கு மேலே போய், நடுவானில் அவிழ்ந்து, வெள்ளை வெளேரென்று அந்தப் பக்கம் பொழிந்தது. பீரங்கிக்காரர்கள் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

தொண்டை அடைப்பு நீங்கிய எஞ்சின் அதன் பிறகு பாடியது பாருங்கள்! ஷோபா ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் கேஸையும் மாற்றிய லாவகத்தில் இருபத்துநான்கு ஓட்டங்கள் இருந்தன. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். சுதீர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்து, போதும் என்று கை காட்டினார். மூன்றாவது நிமிஷத்தில் மூடிவிடுவேன் என்று சொன்னவரை நான் பார்த்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்து, பேரிங்கைக் காதருகே வைத்துக் கேட்பாரே, அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார். ரெக்ஸின் உறை அவர் கையிலிருந்து நழுவித் தரையில், மண்ணெண்ணெய் ஈரத்தில், விழுந்து கிடந்தது. அவர் குனியவில்லை.

எஞ்சின் அடங்கியதும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டாம் பேரிங்கு நல்லா உக்காந்துகினு இருக்குது." பிறகு, "இன்னொருதபா போடு."

ஷோபா பாஸ். தொண்ணூற்றிரண்டு மதிப்பெண். ஏசுரத்தினம் நோட்டுப்புத்தகத்தை வாங்கி, ஒவ்வொரு ஞாயிறாக விரலால் தடவிப் படித்தார். யூனிஸை ஒரு பார்வை பார்த்தார். பிரியாணி விளங்கிவிட்டது. பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"எங்க நைனா போய்க்கினு இருக்க?"

"லேமினேஷன் கடைக்கு. இத்தன எழுதி வெச்சிக்கினு, கவர் போடாமயா வெச்சிருக்குற?"

இந்த இடத்தில் முடித்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் சுவருக்கு மேலே ருக்மணி அம்மாளின் தலை எழும்பியது. கையில் ஒரு தட்டு. தட்டில் பத்தொன்பது பூச்சுத் தாண்ட்ரா. தாண்ட்ராவில் முந்திரி பதித்தது போல் பாச்சா உருண்டைகள்.

"ஞாயித்துக்கெழமதானே ஊதுவீங்க? வெள்ளிக்கெழம ஊதச் சொன்னது யாரு? நாளைக்கு ஒரு பூச்சு பூசினா முடிஞ்சிது. இத இப்ப யாரு துன்னுவாங்க? எலிகூடத் துன்னாது!"

ஏசுரத்தினம் உள்ளே ஓடினார். முப்பது வருஷத்தில் ஒரே ஒருமுறை எடுத்த டின்னர் செட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து சுவர்மேல் வைத்தார். யூனிஸின் கண்கள் விரிந்தன. ருக்மணி அம்மாள் பெட்டியைத் தட்டிப் பார்த்துத் திருப்பித் தள்ளிவிட்டார். "இத வெச்சினு நான் இன்னா பண்றது? எனக்குத் தாண்ட்ராவுக்குத் தாண்ட்ராதான் வேணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மூட்டைய அடைக்கறப்ப இவரும் பக்கத்துலயே நின்னு மண்டைய ஆட்டினு இருந்தாரு. நான் பாத்தேன். பாதித் தட்டு இவரு குடுக்கணும்."

தீர்ப்பு அதுதான். ஏசுரத்தினம் தன் பாதியை அடுத்த வாரமே கொடுத்துவிட்டார் என்று கேள்வி.

இதையெல்லாம் படித்துவிட்டு மேலுறையாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கொஞ்சம் அப்படியே உங்கள் கைபேசியைத் திருப்பிப் பாருங்கள். கடையில் ஒட்டிவந்த மெல்லிய தாள் ஓரத்தில் சுருண்டு, அழுக்கேறி, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா இல்லையா? குளிர்சாதனப் பெட்டியில் ஐந்து நட்சத்திரச் சீட்டு? அதுகூடப் பரவாயில்லை. நன்றாகத் தெரிந்து வைத்திருந்தும், "சமயம் வரட்டும்" என்று யாருக்கும் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும் ஏதாவது ஒன்று உங்களிடம் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியுமா?

என்னைக் கேட்கிறீர்களா? நான் அந்த வகை அல்லவே அல்ல. ருக்மணி அம்மாளுக்கு நான் தர வேண்டிய பாதிக்கு ஈடாகத் திருப்பதியில் அன்றே தாண்ட்ரா வாங்கிவிட்டேன். அழகான தகரப் பெட்டி, மேலே கண்ணாடித் தாள், சிவப்பு ரிப்பன். இரண்டு மாதமாக என் அலமாரியில்தான் இருக்கிறது. நாளைக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஆனால் கொடுத்தால் அந்த அம்மாள் அதைப் பிரித்துவிடுவார்.